தலைகீழாய்த் துயிலும் கிளி

கிளி என்றதும் மீனாட்சியம்மன் கரத்துக் கிளியும், சீட்டெடுத்துக் கொடுக்கும் ஜோசியக் கிளியுமே நம் நினைவுக்கு வரும். நீண்ட வாலும் கழுத்தில் செந்தாரும் இல்லாத கிளியொன்று நம் மலைகளில் வசிக்கிறதென்றால் பலர் நம்பமாட்டார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், அஸ்ஸாம் முதல் இந்தோ-சீனா வரையிலும், அந்தமான் தீவுகளிலும் அது காணப்படுகிறது. அலகு முதல் வால்நுனி வரை ஐந்தரை அங்குலந்தான், சிட்டுக்குருவியின் பருமன். உடல் பச்சை, அலகு சிவப்பு, முதுகின் அடிப்பாகம் செக்கச்செவேல். ஆணின் தொண்டையில் சிறு நீலத் திட்டு உண்டு. ஆங்கிலத்தில் ‘தொங்கும் கிளி’ என்கிறார்கள். மலையாளத்தார் ‘தத்தச் சின்னன்’ என்று அருமையாக அழைக்கிறார்கள். தத்தை என்ற சொல்லை நாம் ஏட்டில் வைத்துவிட்டோம். அவர்கள் நாவில் வைத்திருக்கிறார்கள்!

‘தொங்கும் கிளி’ என்ற பெயரின் காரணம் இரவில் விளங்கும். வௌவாலைப் போல் கிளையைக் காலால் பற்றித் தலைகீழாய்த் தொங்கியபடியே இது துயில்கிறது. மங்கிய ஒளியில் இலைக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. பகலில் ஆகாரம் கொள்வதும் பெரும்பாலும் இந்த நிலையில்தான். முருக்கு, இலவம் பூக்களின் தேனும், ஆல், அத்திப் பழங்களும் இதற்கு மிகவும் பிடித்தவை. பனையில் கட்டிய கலயத்துக் கள்ளைப் பருகி மயங்கிக் கிடப்பதும் உண்டாம். மதுவிலக்குப் பிரசாரகர்கள் மன்னிப்பார்களாக!

கூடு கட்டும் விதம் இன்னும் விநோதமானது. தை முதல் சித்திரை வரையில் பெண் பறவை இலைகளை நறுக்கி, அந்தத் துண்டுகளை முதுகின் கீழ்ப்புறத்து இறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு பறந்து செல்கிறது. அவற்றை மரப் பொந்தில் பரப்பி, சாதாரணமாக மூன்று வெண்ணிற முட்டைகள் இடும்.

இங்கேதான் சங்கடம். பொந்து விழுவது முதிர்ந்த மரத்தில், பட்டுப்போன கிளையில். அத்தகைய மரத்தைத்தான் ‘உபயோகமற்றது’ என்று முதலில் வெட்டிச் சாய்க்கிறோம். பொந்து போனால் கூடு ஏது?

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. ஜோசியக் கிளியும், நம் வீட்டுத் தாழ்வாரத்துக் கூண்டில் மிளகாய்ப்பழம் கொறிக்கும் கிளியும் அந்தச் சட்டத்திற்கு உட்பட்டவையே. வகுப்பில் இதைச் சொன்னால், அதுவரை தங்கள் வீட்டுக் கிளியைப் பற்றிப் பெருமை பேசிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இக்கிளியைக் காண விரும்பும் நேயர்கள் மாசி மாதத்தில் மலையடிவாரம் செல்லலாம். முருக்கு இலையுதிர்த்துப் பூத்து நிற்கும் காலம் அது. ஒளிந்துகொள்ள அங்கே இலை இராது.