கப்பலில் இருக்கும் பேய்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தில் குண்டு போட்டதில் 'ஹெக்டர்' என்ற கப்பல் எரிந்து அங்கேயே தாழ்ந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். போரில் கைவிடப்பட்ட கப்பல் என்றாலே பேயைக் குடிவைத்துவிடுவது உலக வழக்கம். 'ஒராங் மெடான்' கதை அதில் பிரபலம்: மலாக்கா நீரிணையில் ஒரு கப்பல், மாலுமிகள் எல்லோரும் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் செத்துக் கிடந்தார்களாம். லொயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் அப்படியொரு கப்பலே இல்லை. கட்டுக்கதை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கீறலில்லாத சாவு நிசம். அதைச் செய்வது துரு.

இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசன் வேண்டும். மூடிக் கிடக்கும் தாங்கிக்குள் அடைபட்ட வளியிலிருந்துதான் அதை எடுக்கும். ஒரு கனமீற்றர் வளியின் ஒட்சிசன் முழுவதையும் விழுங்க, முக்கால் கிலோவுக்கும் குறைவான இரும்பு துருவானால் போதும். கப்பலிலோ ஆயிரக்கணக்கான தொன் இரும்பு! 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஒட்சிசன் 6 சதவீதத்துக்குக் கீழே போனால், இறங்குகிறவர் இரண்டு மூன்று மூச்சில் சரிவார்.

பயங்கரம் அதுகூட இல்லை. மூச்சுத் திணறுகிறது என்று நாம் உணர்வது பெரும்பாலும் குருதியில் காபனீரொட்சைட்டு கூடுவதைத்தான். ஒட்சிசன் குறைவதை அல்ல. துருத் தாங்கிக்குள்ளும் காபனீரொட்சைட்டு மூச்சோடு வழமைபோல வெளியேறிக்கொண்டே இருப்பதால் உடம்பு எச்சரிக்காது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேலே நிற்பவருக்கு, ஏணியில் இறங்கிய ஆளை யாரோ பிடித்துத் தள்ளியதுபோலத் தெரியும். தூக்க ஓடுகிறவரும் விழுவார், அவருக்குப் பின்னால் போகிறவரும் விழுவார். பேய்க்கதைக்கு வேறென்ன வேண்டும்?

வளியைக் கெடுப்பது துரு மட்டுமில்லை. 2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியோடு போன ஜோர்தான் கப்பல் 'ஃபாரா 3' முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. 25 மாலுமிகளும் இறங்கிவிட்டார்கள். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகும் கூடு கரையில் நின்றது. சனம் வேடிக்கை பார்க்கப் போனது. இப்படியான சரக்கும் சும்மா இராது. ஈரம் பட்ட அரிசியில் வளரும் பூஞ்சணமும் பற்றீரியாவும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடும். தேங்கிய கடல்நீர் அழுகினால் ஐதரசன் சல்பைட்டு: கூழ்முட்டை நாற்றம். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பித்தான் ஆள் உள்ளே போவார்.

2016 யூலை 1 முதல் சர்வதேசக் கடலோடும் கப்பல்களில் வளியை அளக்கும் கையடக்கக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. இறங்குமுன் அதன் குழாயை விட்டு மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்ப்பார்கள். மேலே நல்ல வளி இருந்தாலும் கனமான வாயு அடியில் தங்கியிருக்கும்.