மாதிரி இரயில் அளவுக் கணக்கீடு
மாதிரி இரயில் அளவுக் கணக்கீடு என்பது உண்மையான இரயிலின் அளவை மாதிரியின் அளவாக மாற்றும் முறை ஆகும். உண்மை நீளத்தை விகித எண்ணால் வகுக்க வேண்டும். எச்.ஓ. அளவின் விகிதம் 1:87.1, அதாவது ஓர் அடிக்கு 3.5 மி.மீ. 20 மீட்டர் நீளப் பெட்டி இதில் சுமார் 230 மி.மீ. ஆகும். விகிதத்திற்கேற்ப அடிகளைக் குறித்த அளவுகோல் கையில் இருந்தால் வகுக்கும் வேலையே இல்லை.

விகிதத்தையும் பாதை அகலத்தையும் ஒன்றெனக் கொள்வதில்தான் குழப்பம் நேர்கிறது. பிரித்தானியாவின் ஓ.ஓ. அளவு 1:76.2, அடிக்கு 4 மி.மீ. ஆனால் தண்டவாள இடைவெளி எச்.ஓ.வுக்குரிய அதே 16.5 மி.மீ. பிரித்தானிய எஞ்சின்கள் சிறியவை. அக்கால மோட்டார்கள் 3.5 மி.மீ. அளவில் செய்த கூட்டுக்குள் அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே விட்டு, மேற்கூட்டை மட்டும் பெரிதாக்கினர்.

16.5ஐ 76.2ஆல் பெருக்கினால் 1,257 மி.மீ. வரும், உண்மையான பாதையோ 1,435 மி.மீ. எஞ்சினை முன்பக்கமிருந்து பார்த்தால் இந்தக் குறுகல் கண்ணை உறுத்தும். இதைப் பொறுக்காதவர்கள் பி4 முறையில் 18.83 மி.மீ. பாதை இடுகின்றனர். அப்போது கடையில் வாங்கிய ஓ.ஓ. எஞ்சின்களுக்குச் சக்கரம் மாற்ற வேண்டியிருக்கும்.