துப்பறியும் கதைப் பிரியருக்குக் கடாரத்து வழக்கு ஒன்று

சங்கர்லால் துப்பறிகிறார் என்றால் சோற்றையும் மறந்து படித்த அன்பர்கள் நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஏராளம். மர்ம நாவல் கையில் இல்லாவிட்டால் தூக்கம் வராதவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் சரித்திரம் படிக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அரசர் பெயரும் ஆண்டுக் கணக்கும் யாருக்கு வேண்டும் என்பார்கள்.

தண்ணீர்மலைப் பக்கம் குடியிருக்கும் என் மைத்துனர் மகனும் அந்த ரகம்தான். சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்து முடித்தவன், “மாமா, இதில் நிஜம் எவ்வளவு?” என்று கேட்டான். நான் அவனுக்கு வேறொரு நாவலைக் கொடுக்கவில்லை. நிஜமான வழக்கு ஒன்றைச் சொன்னேன். வாசகர்களும் கேளுங்கள்.

முதல் தடயம் ஒரு செப்பேடு. இன்றைய கெடாதான் அன்றைய கடாரம். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் அதை முடித்தான். இராஜராஜ சோழன் 1006-ஆம் ஆண்டையொட்டி அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதி வைத்தான். இதைச் சொல்லும் 21 ஏடுகளும் பின்னாளில் ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டாம் தடயம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. இராஜராஜன் மகன் இராஜேந்திரன் 1025-இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தரசனைப் பிடித்தான் என்கிறது அது.

இருபது ஆண்டுகளுக்குள் நண்பன் பகைவனானது ஏன்? சீன வாணிபத்தில் போட்டி என்பார் சிலர். சோழத் தூதுக்குழு 1015-இல் சீனா சென்றது உண்மை. மலாக்கா நீரிணையோ கடாரத்தின் கையில். வெற்றிப் புகழுக்காகவே படையெடுத்தான் என்பார் வேறு சிலர். கல்வெட்டு வெற்றியைப் பேசுகிறதே தவிர காரணத்தைப் பேசவில்லை.

“அப்படியானால் கடைசிப் பக்கம் எங்கே மாமா?” என்றான் பையன். நியாயமான கேள்வி! நாவலாசிரியர் கடைசிப் பக்கத்தை முன்பே எழுதி வைத்திருப்பார். சரித்திரத்தில் அது மண்ணுக்குள் கிடக்கிறது. அதிலும் நம் அண்டை மண்ணில்!

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் 1936, 37-ஆம் ஆண்டுகளில் தோண்டிப் பல பழங்கோயில்களின் அடித்தளங்களைக் கண்டார். பின்னர் சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியில், இரும்பு உருக்கிய உலைக்களங்களைப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் வெளிக்கொணர்ந்தனர். ஆனால் 2013-இல் 11-ஆம் எண் சண்டி என்ற பழங்கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக நிலம் திருத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. துப்பறிபவர் வருமுன் தடயம் அழிந்தால் வழக்கு என்னாகும்?

தோட்டத்தில் மண்ணை வெட்டுவது பெரும்பாலும் உழைப்பாளியின் கைதான். பழைய செங்கல்லோ, பானை ஓடோ, எழுத்துள்ள கல்லோ தட்டுப்பட்டால் எடுத்து எறிய வேண்டாம். இடத்தைக் கலைக்காமல் அரும்பொருளகத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.

மர்மக் கதைப் பிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும், பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி டத்தோ வீ. நடராஜன் 2011-இல் வெளியிட்ட நூலையும் தேடிப் பார்க்கலாம். கனமான நூல்கள்தாம், முதலிலிருந்து படிக்காமல், கடாரம் வரும் இடத்தில் தொடங்குங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும் குடும்பங்கள் இன்னும் ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளைகளுடன் மெர்போக் அரும்பொருளகத்துக்கும் போய் வரலாம். அதன் அருகிலேயே புக்கிட் பத்து பகாட் சண்டியின் கல் அடித்தளத்தைக் கண்ணாரக் காணலாம்.