கண்ணையும் சோதிக்கும் பரீட்சை

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய பரம்பரை நம்முடையது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்னும் பழமொழி நம் மூதாட்டியர் நாவில் இன்றும் வாழ்கின்றது. பல்லின் அருமையை இத்துணை உணர்ந்த நாம், பல்லைப் பேணும் வைத்தியத் தொழிலை மாத்திரம் இரண்டாந் தரமாகவே கருதி வருகின்றோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும், "மருத்துவம் கிடைக்கவில்லை, பல் வைத்தியமாவது கிடைக்குமா?" என்று வினவும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கின்றோம். 'ஆவது' என்னும் அச்சிறு சொல்லுக்குள் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடப்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று நம் குடும்பங்களின் கிளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் பரந்துள்ளன. அந்நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பல் வைத்தியத்தை நாடுகின்றனர். அவர்கள் ஒரு தனிப் பரீட்சைக்கு இருக்க வேண்டும். அது எத்தகையது, அதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்று இங்குள்ள உறவினர் வழியாக எம்மிடம் கேட்போரும் உளர். அமெரிக்காவில் நடைபெறும் அப்பரீட்சையைச் சற்று விரிவாக நோக்குவோம். இங்கேயே கற்கும் மாணவர்க்கும் அதிற் கற்றுக்கொள்ளத்தக்கவை பல உள.

பட்டத்துக்கு முன் ஒரு படலை

உலகின் முதற் பல்வைத்தியக் கல்லூரி 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் நிறுவப்பட்டது. அந்நாட்டு முறை நம்முடையதினின்றும் வேறுபட்டது. இங்கு உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு மாணவர் நேரே பல்வைத்திய பீடத்துட் புகுகின்றனர். அங்கோ, பாடசாலைக் கல்வி முடித்தவர் முதலிற் சர்வகலாசாலை சென்று உயிரியல், இரசாயனம் முதலிய பாடங்களைச் சில ஆண்டுகள் கற்றல் வேண்டும். பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டத்தையும் நிறைவு செய்வர். அதன் பின்னரே பல்வைத்தியக் கலாசாலை. அங்கு பொதுவாக மேலும் நான்கு ஆண்டுகள். இவ்விரண்டு கட்டங்களுக்கும் நடுவே படலையாய் நிற்பது, அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கம் 1950ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்குமாக நடத்திவரும் அனுமதிப் பரீட்சையாகும்.

இப்பரீட்சை இப்போது கணினியிலேயே நடைபெறுகின்றது. மொத்தம் 280 வினாக்கள், நான்கு பகுதிகள். முதலாவது இயற்கை விஞ்ஞானம்: உயிரியலில் 40, பொது இரசாயனத்தில் 30, சேதன இரசாயனத்தில் 30 ஆக 100 வினாக்களுக்கு 90 நிமிடம். இரண்டாவது புலக்காட்சித் திறன்: 90 வினாக்களுக்கு 60 நிமிடம். விரும்பினோர் அதன்பின் 30 நிமிடம் இளைப்பாறலாம். மூன்றாவது வாசித்து விளங்குதல்: 50 வினாக்களுக்கு 60 நிமிடம். நான்காவது கணிதம்: 40 வினாக்களுக்கு 45 நிமிடம். நம் மாணவரை வாட்டும் பௌதிகவியல் இதில் இல்லை என்பது பலருக்கு ஆறுதலளிக்கும் செய்தி. கனடாவின் பரீட்சையும் இதனை ஒத்ததே. ஆயின் அங்கு சேதன இரசாயனமும் கணிதமும் கேட்கப்படுவதில்லை.

வெண்கட்டியும் கத்தியும்

இப்பகுதிகளுள் நம்மவர்க்கு முற்றிலும் புதிதாகத் தோன்றுவது புலக்காட்சித் திறனேயாம். அதன் பிறப்பு சுவையானது. ஆரம்ப காலத்தில் இப்பரீட்சைக்கு வந்தவரிடம் வெண்கட்டியும் சிறு கத்தியும் கொடுத்து, வரைபடத்திற் கண்டவாறு செதுக்கும்படி பணித்தனர். நாள்தோறும் வெண்கட்டி பிடிக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கு இச்செய்தி வியப்பையும் ஒருவகை மகிழ்ச்சியையும் தருகின்றது. கனடாவில் வெண்கட்டிக்குப் பதிலாகச் சவர்க்காரத் துண்டைச் செதுக்கும் பரீட்சை நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில் வெண்கட்டி கைவிடப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்ததே இன்றைய புலக்காட்சித் திறன் பகுதி. கையைச் சோதித்தவர்கள் அதன்பின் கண்ணைச் சோதிக்கத் தொடங்கினர்.

பல் வைத்தியர்க்குக் கண்ணில் அப்படியென்ன தனித்திறன் வேண்டும் என்று கேட்கலாம். கடைவாயின் உட்புறத்தை வைத்தியர் சிறு கண்ணாடியிலேயே காண்கின்றார். கண்ணாடியில் உருவம் மாறித் தோன்றும். கையோ மாறாமல் இயங்க வேண்டும். மேல் தாடையின் முதலாவது கொடுப்புப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள் உண்டு. எக்ஸ்-கதிர்ப் படத்தில் அவை ஒன்றன்மேலொன்று படிந்து தட்டையான நிழலாகத் தெரியும். அந்நிழலைக் கொண்டு வேர்கள் முரசுக்குள் எவ்வாறு நிற்கின்றன என்று மனக்கண்ணாற் காண வல்லவரே பிழையின்றி வேலை செய்வர். தட்டையானதைக் கண்டு திண்மமானதை உணரும் இவ்வாற்றலையே அப்பகுதி சோதிக்கின்றது.

அதில் ஆறு வகை வினாக்கள், வகைக்கு 15. ஒரு பொருள் எத்துவாரத்தினூடே நுழையும் என்பது ஒன்று. மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திருந்தும் பார்த்த தோற்றங்களுள் இரண்டைத் தந்து மூன்றாவதைக் கேட்பது மற்றொன்று. சில பாகைகளே வேறுபடும் கோணங்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தல், மடித்துத் துளையிட்ட கடதாசியை விரித்தால் துளைகள் எங்கெங்கே தோன்றும் எனக் கூறல், அடுக்கிய சதுரக் கட்டைகளின் வர்ணமிட்ட முகங்களை எண்ணல், விரித்த அட்டையை மடித்தால் எவ்வுருவம் பெறும் எனக் காணல் ஆகியன ஏனைய நான்கு.

வீட்டிலே செய்யத்தக்க பயிற்சி

புத்தகத்தை மனனஞ் செய்து சித்தியடைந்து பழகிய நம் பிள்ளைகள் இவ்விடத்திலேயே தடுமாறுகின்றனர். ஒப்புவிப்பதற்கு இங்கே எதுவுமில்லை. ஆயினும் இது பிறவியிலேயே அமைய வேண்டிய வரம் என்று எண்ணிச் சோர்ந்துவிடுதல் தவறு. பயிற்சியால் தேறக்கூடிய திறன் இது. அப்பயிற்சிக்குப் பொருட்செலவும் வேண்டியதில்லை.

கடதாசி ஒன்றை இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்து, ஓரிடத்தில் ஊசியாற் குத்துங்கள். விரிக்குமுன் துளைகள் எங்கெங்கே அமையும் எனக் கொப்பியிற் குறியுங்கள். பின்னர் விரித்துப் பாருங்கள். நான்கு துளைகள் இருக்கும். அவை நீங்கள் குறித்த இடங்களில் உள்ளனவா? மூலையை மட்டும் மடித்துக் குத்தினால் என்னவாகும்? பத்து நாட்கள் இவ்வாறு செய்தபின் கடதாசி இல்லாமலே மனத்தில் மடிக்கலாம்.

அடுத்து, ஒரே அளவான சதுரக் கட்டைகளை எடுங்கள். மூன்றை ஒரே வரிசையில் மேசைமேல் ஒட்டினாற்போல் வையுங்கள். வெளியே தெரியும் முகங்களுக்கு மட்டும் வர்ணம் பூசப்பட்டதாகக் கொள்ளுங்கள். மேசையைத் தொடும் முகத்துக்கு வர்ணமில்லை. ஓரக் கட்டைகள் இரண்டிலும் நான்கு முகங்கள் வீதமும், நடுக் கட்டையில் மூன்று முகங்களும் வர்ணம் பெறும். நடுக் கட்டையின்மேல் நாலாவது கட்டையை ஏற்றினால், கீழுள்ளதற்கு இரண்டு முகங்களும் மேலுள்ளதற்கு ஐந்து முகங்களும் ஆகும். இவ்வாறு ஒவ்வொரு கட்டைக்குமுரிய எண்ணை அட்டவணையாகக் குறித்துக்கொண்டு பின்னர் விடையளிக்கப் பழகியவர், அவ்வகை வினாக்களிற் பெரும்பாலும் புள்ளி இழப்பதில்லை.

கோணங்களைக் கண்ணால் மதித்து, உடனே பாகைமானியால் அளந்து சரிபார்த்தலும் நன்று. இப்பயிற்சிகளை நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் முதல் நாள் தொட்டே செய்து வருதல் வேண்டும். இறுதி வாரத்தில் இரவு பகலாகச் செய்வதாற் பயனில்லை.

விநாடிகளின் கணக்கு

இயற்கை விஞ்ஞானத்தில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 54 விநாடி. புலக்காட்சித் திறனிலோ 40 விநாடியே. ஆகவே அறிவு எவ்வளவு இருந்தாலும் நேரத்தோடு பழகாதவர் வெல்வதரிது. இரசாயனங் கற்பிக்கும் எமது அனுபவத்தில், மாணவர் தவறவிடும் வினாக்களிற் பாதி அறியாமையால் நிகழ்வன அல்ல. அவசரத்தாலும், வினாவை அரைகுறையாக வாசிப்பதாலும் நிகழ்வன.

ஆயத்தத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குதல் தகும் என்பது எமது கருத்து. முதல் வாரத்திலேயே ஒரு முழுப் பரீட்சையை நேரங் குறித்து எழுதிப் பார்த்தல் வேண்டும். புள்ளி குறைவாக வரும்; அதற்காக வருந்த வேண்டியதில்லை. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அறிவதே அதன் நோக்கம். அடுத்த ஏழெட்டு வாரங்கள் பாடங்களுக்கு உரியன. உயிரியலில் 40 வினாக்களே வரினும், கலம், பிறப்புரிமையியல், உடற்றொழிலியல், கூர்ப்பு, சூழலியல் என அதன் எல்லை மிக விரிந்தது. ஒன்றை ஆழத் தோண்டுவதினும் அனைத்தையும் பரவலாகக் கற்பதே இங்கு பயன்தரும். எஞ்சிய வாரங்களில், வாரத்துக்கு ஒரு முழுப் பரீட்சை. அதுவும் உண்மைப் பரீட்சை நடக்கும் அதே வேளையில்.

பிழைகளுக்கென ஒரு தனிக் கொப்பி வைத்திருத்தல் இன்றியமையாதது. தவறிய வினா எது, சரியான விடை எது, தவறியது அறியாமையாலா, அவசரத்தாலா, வாசிப்புக் குறையாலா என்று எழுதி வருபவர், ஒரு மாதத்துள் தம் இயல்பைத் தாமே அறிவர். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆதலால் எவ்வினாவையும் விடையின்றி விடலாகாது. கணிதப் பகுதியிற் கணினித் திரையிலேயே கணிப்பான் தரப்படும். எனினும் மனக்கணக்கில் வல்லவரே நேரத்தை மிச்சப்படுத்துவர்.

மற்றொரு செய்தியையும் நினைவிற் கொள்க. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் புள்ளிகள் 200 தொடக்கம் 600 வரையான அளவில் வழங்கப்படுகின்றன. அதற்கு முன்னர் 1 தொடக்கம் 30 வரை என்றே இருந்தது. ஆதலால், முன்னர் எழுதிய அண்ணன்மாரும் அக்காமாரும் தம் புள்ளிகளைக் கூறி வழிகாட்டும்போது, அவ்வேறுபாட்டை அறிந்தே கேட்க வேண்டும். மீண்டும் எழுத இடமுண்டு. ஆனால் முந்திய முயற்சிகளின் புள்ளிகளையும் கலாசாலைகள் காணும். எனவே 'முதலில் ஒருமுறை சும்மா எழுதிப் பார்ப்போம்' என்று போவது விவேகமன்று.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இங்கிருந்தே பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர் சிலவற்றை முன்கூட்டி அறிதல் நலம். உயர்தரம் முடித்தவுடன் இப்பரீட்சையை எழுதி நேரே பல்வைத்தியக் கலாசாலையிற் சேர்தல் அமெரிக்காவில் இயலாது. பிறநாட்டு மாணவரை ஏற்காத கலாசாலைகளும் அங்கு உள. ஈண்டு பல்வைத்தியப் பட்டம் பெற்றவர்க்கு இது உரிய பரீட்சையன்று. அவர்க்கு வேறு வழியும் வேறு பரீட்சைகளும் உண்டு. காணியை ஈடுவைத்துத் தரகர் கையிற் பணங்கொடுக்குமுன், கலாசாலையிடமே நேரே எழுதிக் கேட்பதே தக்கது.

யாவற்றினும் மேலாக நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. வெண்கட்டி பரீட்சையினின்றும் நீங்கினாலும் தொழிலினின்றும் கை நீங்கவில்லை. கலாசாலையிற் சேர்ந்தபின் மாணவர் மெழுகிலே பல் செதுக்குவர்; செயற்கைப் பல்லில் துளையிட்டு நிரப்புவர்; ஒரு மில்லிமீற்றரின் பின்னத்தில் பிழைத்தாலும் மீண்டும் தொடங்குவர். பின்னர் வாழ்நாள் முழுவதும், நோவால் துடித்து, அஞ்சி வாய் திறக்கும் மனிதரின் முன் பொறுமையோடு குனிந்து நிற்றல் வேண்டும். 'உனக்குக் கைவேலையில் விருப்பமுண்டா? நுணுக்கமான ஒன்றைப் பலமுறை செய்யப் பொறுமையுண்டா? அஞ்சியவரைத் தேற்றும் மனமுண்டா?' என்ற வினாக்கள் அந்த 280 வினாக்களுள் இல்லை.

அவற்றைக் கேட்க வேண்டியவர் தாயும் தந்தையுமே. சிறு வயதில் மண்ணாற் சட்டிபானை செய்த பிள்ளை, உடைந்த மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டிய பிள்ளை, கோலத்தின் இழை பிசகாமல் இட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அப்பிள்ளைக்குப் பல் வைத்தியம் முதலாந் தரத் தொழிலே. மருத்துவம் தவறியதற்கு ஈடாக அதனைக் கொள்ள வேண்டியதில்லை. அவ்வியல்பும் விருப்பமும் இல்லாத பிள்ளையை, உயர்ந்த புள்ளி பெறக்கூடும் என்பதற்காக மட்டும் அவ்வழியே தள்ளுதல், அப்பிள்ளைக்கும் நீதியன்று. நாளை அவர்முன் வாய் திறக்கப் போவோர்க்கும் நீதியன்று. பரீட்சைக்குரிய கொப்பியைத் திறக்குமுன் பிள்ளையோடு அமர்ந்து இதனைப் பேசி முடிவு செய்வதே ஆயத்தத்தின் முதற் பாடமாகும்.