விளக்கொளியில் ஒரு தம்பி

அமெரிக்காவின் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் 1822-ஆம் ஆண்டின் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. மேசை விளக்கருகே அமர்ந்த முதியவர் ஒருவர், கையிலுள்ள சின்னஞ்சிறு ஓவியம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஜேம்ஸ் பீல். வரைந்தவர் எண்பதைத் தொட்டிருந்த அவருடைய அண்ணன், சார்லஸ் வில்சன் பீல். தம்பிக்கு ஓவியம் கற்றுத் தந்தவரே இவர்தான். 1780-களில் நுண்ணோவிய வேலையைப் பெரும்பாலும் தம்பியிடம் விட்டுவிட்டுப் பெரிய படங்களின் பக்கம் போனார்.

அந்த நுண்ணோவியம் எளிய வேலையல்ல. யானைத் தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி, அதன்மேல் நீர்வண்ணத்தில் முகத்தை வரைவார்கள். தந்தத்தின் வழவழப்பில் நீர்வண்ணம் எளிதில் பிடிக்காது. அதனால் எண்ணெய்ப் பசையைப் போக்கி, நுரைக்கல் பொடியால் மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு நுனி கூரிய தூரிகையால் புள்ளி புள்ளியாக, நூலிழைக் கோடுகளாக வண்ணத்தை ஏற்றுவார்கள். மெல்லிய வண்ணப் பூச்சின் அடியிலிருந்து தந்தம் மினுங்குவதால் வரைந்த முகத்துக்கு உயிருள்ள தோலின் பளபளப்பு வந்துவிடும். பதக்கம்போல் கழுத்திலும் அணிந்துகொள்ளலாம். புகைப்படம் வராத காலத்தில், பிரிந்திருக்கும் உறவினரின் முகத்தை உடன் வைத்திருக்க இது ஒரு வழியாக இருந்தது.

படத்திலுள்ள விளக்கும் கவனிக்க வேண்டியது. அது ஆர்கண்ட் விளக்கு. 1780-களில் ஜெனீவாவைச் சேர்ந்த எமே ஆர்கண்ட் உருவாக்கியது. பழைய விளக்கின் கெட்டித் திரியில் நடுப்பகுதிக்குக் காற்று போதாமல் புகை மண்டும். ஆர்கண்ட் திரியைக் குழல் வடிவமாக்கினார். உள்ளேயும் வெளியேயும் காற்று ஏறியது. மேலே கவிழ்த்த கண்ணாடிச் சிம்னி அந்த இழுப்பைக் கூட்டியது. எண்ணெய் முழுமையாக எரிந்ததால் புகை குறைந்தது, பல மெழுகுவத்திகளின் வெளிச்சம் ஒரே சுடரில் கிடைத்தது.

ஓவியர்கள் பெரும்பாலும் சன்னலோரப் பகல் வெளிச்சத்தையே நம்பி முகம் வரைந்த காலம் அது. சார்லஸோ விளக்கு வெளிச்சத்தைத் தேர்ந்தார். பக்கத்திலேயே எரியும் சுடர் முகத்தின் ஒரு பாதியைப் பொன்னிறமாக்கும், மறுபாதியை இருட்டில் தள்ளும். நிழல் கொஞ்சம் மிகுந்தாலும் தம்பியின் சாயல் கெட்டுவிடும். சாயல் கெடவில்லை. அதே ஆண்டில், தம் அருங்காட்சியகத்தின் திரையைத் தாமே தூக்கி நிற்பதாக அவர் வரைந்த படம்தான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அவருடைய கைத்திறன் இந்த விளக்கொளிப் படத்தில்தான் கூடுதலாகத் தெரிகிறது என்பேன்.