தொலைக்காட்சிச் சமையலும் பிரித்தானியரின் எளிய வீட்டுச் சமையலும்

பிரித்தானியாவில் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளுக்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவற்றில் ஒரு வகை, பார்ப்போரை வியக்க வைக்கும் விருந்து உணவுகளைக் காட்டியது. மற்றொரு வகை, முட்டை அவித்தல், சோறு சமைத்தல், குழம்பு கொதிக்கவைத்தல் போன்ற அன்றாட வேலைகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. சமைக்கத் தெரியாதவர்களையும் அடுப்படிக்கு அழைத்துச் சென்ற பெருமை இந்த இரண்டாம் வகைக்கே உரியது.

தொடக்க காலம்

பி.பி.சி. நிறுவனம் 1936ஆம் ஆண்டு நவம்பரில் தொலைக்காட்சி ஒளிபரப்பை முறையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே மார்செல் பூலெஸ்தான் என்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர் திரையில் தோன்றிச் சமைத்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது நிறுத்தப்பட்ட ஒளிபரப்பு 1946இல் மீண்டும் தொடங்கியபோது, ஃபிலிப் ஹார்பென் என்பவரின் சமையல் நிகழ்ச்சி இடம்பெற்றது.

அக்காலத்தில் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. 1940 சனவரியில் தொடங்கிய பங்கீடு 1954 சூலையில்தான் முழுமையாக முடிவுக்கு வந்தது. போர்க்காலத்தில் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை என்பதே பொதுவான அளவு. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி ஆகியவையும் அளந்தே கிடைத்தன. போரின்போது உணவு அமைச்சகத்தில் பணியாற்றி, கிடைத்ததைக் கொண்டு சமைக்கும் வழிகளை வானொலியில் விளக்கிய மார்கெரிட் பேட்டன், 1947 முதல் தொலைக்காட்சியிலும் தோன்றினார். இருப்பதை வீணாக்காமல் சுவையாகச் சமைப்பது எப்படி என்பதே அன்றைய இல்லங்களின் முதன்மையான கேள்வியாக இருந்தது.

பங்கீடு நீங்கியபின் ஆடம்பரத்துக்கு ஏக்கம் பிறந்தது. 1955 முதல் தொலைக்காட்சியில் தோன்றிய ஃபேனி கிரடொக், மாலை விருந்துக்குச் செல்பவர்போல நீண்ட அங்கியும் நகைகளும் அணிந்து சமைத்தார். நிறமேற்றிப் பிழிந்த உருளைக்கிழங்கு மசியல் போன்ற அலங்காரங்கள் அவருடைய தனி அடையாளம். அந்நிகழ்ச்சிகளைப் பலரும் விரும்பிப் பார்த்தனர். ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பி, அரை மணி நேரத்தில் இரவு உணவு தயாரிக்க வேண்டிய ஒருவருக்கு அவை எட்டாத உயரத்திலேயே இருந்தன.

டீலியா ஸ்மித்

இந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் முதன்மையானவர் டீலியா ஸ்மித். 1941இல் பிறந்த இவர், எந்தத் தேர்விலும் தேர்ச்சி பெறாமல் பதினாறு வயதில் பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர் இலண்டனில் ஒரு சிறிய உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்து சமையலைக் கற்கத் தொடங்கினார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் படிப்பகத்துக்குச் சென்று பழைய ஆங்கிலச் சமையல் நூல்களைப் படித்து, அவற்றில் உள்ள குறிப்புகளைச் சமைத்துப் பார்த்தார். 1969 முதல் பத்திரிகைகளில் எழுதினார். 1973இல் பி.பி.சி.யில் அவருடைய முதல் தொடர் ஒளிபரப்பானது.

1978இல் தொடங்கிய அவருடைய 'குக்கரி கோர்ஸ்' தொடர், சமையலை அடிப்படையிலிருந்து படிப்படியாகக் கற்பிக்கும் பாடமாக அமைந்தது. அதனுடன் மூன்று பகுதிகளாக வெளிவந்த நூல்கள் 1982இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. தனியாக வாழ்வோருக்காக, ஒருவருக்கு மட்டுமான அளவுகளுடன் 1985இல் ஒரு நூலையும் அவர் வெளியிட்டார். 'ஒருவருக்காக யார் மெனக்கெடுவது' என்று சமைக்காமல் விட்டுவிடுபவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது அது. திரையில் அவர் வேடிக்கை காட்டவில்லை; குரலை உயர்த்தவில்லை. சொன்ன அளவில் செய்தால் சொன்னபடி வரும் என்பதே அவர்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை.

முட்டை அவிக்கும் பாடம்

1998இல் ஒளிபரப்பான 'ஹவ் டு குக்' தொடரை அவர் முட்டையிலிருந்து தொடங்கினார். முட்டைகள் முட்டி மோதி உடையாதபடி சிறிய பாத்திரம் எடுக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே போடக் கூடாது. மெல்லக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் வைத்து, பின் அடுப்பிலிருந்து இறக்கி மூடிவைத்தால் ஆறு நிமிடத்தில் மஞ்சள் கரு இளகிய நிலையில் இருக்கும் என்று விளக்கினார். சோற்றுக்கும் இதே தெளிவு உண்டு. ஓர் அளவு பாசுமதி அரிசிக்கு இரண்டு அளவு கொதிநீர் ஊற்றி, மூடிபோட்டு, கிளறாமல் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும் என்றார்.

இது பார்வையாளரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது என்று சில சமையற்கலைஞர்கள் ஏளனம் செய்தனர். ஆனால் நாட்டில் முட்டை விற்பனை உயர்ந்தது. அவர் பரிந்துரைத்த ஒரு சிறிய ஆம்லெட் வாணலி கடைகளில் விரைவில் விற்றுத் தீர்ந்தது. அவர் குறிப்பிடும் பொருள் கடைகளில் தீர்ந்துபோவது வழக்கமாகிவிட, 2001இல் 'டீலியா' என்ற பெயரே காலின்ஸ் ஆங்கில அகராதியில் ஒரு சொல்லாக இடம்பெற்றது. வெளியே சொல்லத் தயங்கிய கேள்விக்குப் பலரும் அந்தத் தொடரில் விடை கண்டனர் என்பதையே இவை காட்டுகின்றன.

வீட்டு அடுப்படியிலிருந்து வந்தவர்கள்

எளிய சமையலைப் பரப்பியவர்களுள் பலர் உணவகச் சமையற்கூடத்தில் பயின்றவர்கள் அல்லர். 1982இல் பி.பி.சி.யில் இந்தியச் சமையலைக் கற்பித்த மதுர் ஜாஃப்ரி ஒரு நடிகை. இலண்டனில் நாடகக்கலை மாணவியாக இருந்தபோது வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கி, தில்லியிலிருந்து தாய் அஞ்சலில் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டே சமைக்கக் கற்றார். பத்திரிகையாளரான நைஜெல்லா லாசன், உணவில் கிடைக்கும் இன்பத்தை முன்வைத்து எழுதிப் பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தார். நைஜல் ஸ்லேட்டர், 1992இல் வெளியிட்ட 'ரியல் ஃபாஸ்ட் ஃபுட்' நூலில் அரை மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய உணவுகளைத் தொகுத்தார்.

தொழில்முறையில் பயின்ற ஜேமி ஆலிவர் 1999இல் 'நேக்கட் செஃப்' தொடருடன் அறிமுகமானார். தேவையற்ற அலங்காரங்களைக் களைந்த உணவு என்பதே அப்பெயரின் பொருள். கைப்பிடி அளவு, ஒரு சிட்டிகை என்று கண்ணளவிலேயே சொல்லிச் சமைத்த அவருடைய பாணி இளைஞர்களைக் கவர்ந்தது.

தேவை எழுந்த காரணங்கள்

சமையலைத் தொலைக்காட்சியில் கற்க வேண்டிய நிலை ஏற்பட்டதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகினர். ஆண்கள் பலர் சமையலைக் கற்காமலே வளர்ந்தனர். 1979இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் அறிமுகமான 'சிக்கன் கீவ்', சூடாக்கி உண்ணும் தயார் உணவுகளின் வளர்ச்சியில் ஒரு திருப்பமாக அமைந்தது. 1990களில் பள்ளிகளில் சமையல் வகுப்பின் இடத்தை உணவுத் தொழில்நுட்பப் பாடம் பிடித்தது. இதனால் தாயிடமும் கற்காமல், பள்ளியிலும் கற்காமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2008இல் ராதரம் நகரில் ஜேமி ஆலிவர் சிலருக்கு எளிய உணவுகளைக் கற்பித்து, அவர்கள் பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர், போர்க்கால உணவு அமைச்சகத்தின் பெயரே. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்துப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில், பதினான்கு வயது வரையிலான மாணவர்களுக்குச் சமையல் மீண்டும் கட்டாயமாயிற்று.

குறைகளும் வரம்புகளும்

தொலைக்காட்சிச் சமையலாளர் சொன்ன உணவு அனைத்தும் உடல்நலத்துக்கு ஏற்றது என்று கொள்ள முடியாது. 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, தொலைக்காட்சிச் சமையற்கலைஞர்களின் 100 குறிப்புகளைப் பல்பொருள் அங்காடிகளின் 100 தயார் உணவுகளுடன் ஒப்பிட்டது. சராசரியாக அக்குறிப்புகளில் கலோரியும் நிறைவுற்ற கொழுப்பும் கூடுதலாகவும் நார்ச்சத்து குறைவாகவும் இருந்தன. எனினும் வீட்டில் சமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. வெண்ணெயைக் குறைப்பதும் காய்கறியைக் கூட்டுவதும் அவர் கையில் இருக்கிறது. பெட்டியில் அடைத்து வரும் உணவில் அது இயலாது.

மற்றொரு வரம்பு, பார்ப்பதோடு நின்றுவிடுவது. போட்டி நிகழ்ச்சிகளும் பளபளப்பான படப்பிடிப்பும் சமையலைக் கண்ணுக்கு விருந்தாக்கிவிடுகின்றன. தானும் அப்படிச் செய்ய முடியாது என்ற தயக்கத்தை அவை வளர்க்கவும் கூடும்.

எளிய சமையலின் இயல்புகள்

நிலைத்து நின்ற நிகழ்ச்சிகளில் சில பொதுக்கூறுகள் காணப்படுகின்றன. பொருள்கள் குறைவு; அவை அருகிலுள்ள கடையில் கிடைப்பவை. பாத்திரங்களும் சிலவே. செய்முறையோடு காரணமும் சொல்லப்படுகிறது. காரணம் தெரிந்தவர் ஒரு பொருள் இல்லாதபோது வேறொன்றைக் கொண்டு சமாளிக்கிறார். ஓர் ஆம்லெட் கற்றவர் அதில் காளான், பாலாடைக்கட்டி, மீந்த உருளைக்கிழங்கு என்று நாளுக்கொன்று சேர்க்கிறார். வடிவம் சற்றுக் கோணலாக வந்தாலும் சூடாகவும் சுவையாகவும் இருந்தால் அன்றைய உணவு நிறைவானதே. பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து சமையலைக் கற்ற ஒருவரின் முட்டைப் பாடம் ஒரு நாட்டின் சமையலறைகளை எட்டியதற்கு இந்த எளிமையே அடிப்படை எனலாம்.