‘மயக்கமா வருது’ன்னு மட்டும் சொல்லாதீங்க!

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது தாடிக்கொம்பு. அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தேய்பிறை அஷ்டமி அன்று சொர்ண ஆகர்ஷண பைரவரைத் தரிசிக்க எப்படிப்பட்ட கூட்டம் வரும் என்பது அந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் நிற்கும் ஒரு பெண், ‘‘எனக்கு ஒரு மாதிரி மயக்கமா வருதுக்கா’’ என்று பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

ஒருவர் சோடா வாங்க ஓடுவார். ‘‘ரத்தம் இல்லாமப் போயிருக்கும்’’ என்பார் ஒருவர். ‘‘லோ பிரஷர்தான், சந்தேகமே இல்ல’’ என்பார் இன்னொருவர். ‘‘விரதம்னு காலையில பட்டினியா வந்திருக்கும்’’ என்பார் ஒரு பாட்டி. நாலு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நாலுமே தப்பாகவும் இருக்கலாம்! காரணம், வார்த்தை ஒன்று. அதற்குள் இருக்கும் தொல்லைகள் பல.

மயங்குதல் என்றால் தமிழில் ஒன்றோடொன்று கலந்து குழம்புவது என்றும் பொருள் உண்டு. ‘ல, ள, ழ’ குழப்பத்தை மயங்கொலி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். டாக்டரின் அறையில் இந்த வார்த்தை அதே வேலையைத்தான் செய்கிறது. நம் வீட்டுப் பேச்சிலோ இதைவிடத் தெளிவான வார்த்தைகள் நிறையவே இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினாலே வைத்தியம் பாதி சுலபமாகிவிடும்.

தலை கிறுகிறுக்குதா?

‘‘படுக்கையில் புரண்டால் வீடே சுத்துது, கூடவே குமட்டுது’’ என்றால் அது கிறுகிறுப்பு. உட்காதில் நம்மைச் சமநிலையில் வைத்திருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உலகம் சில விநாடிகள் சுற்றும். இதற்குச் சத்து டானிக் குடித்துப் பயனில்லை. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைத்து, துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எளிய முறை இருக்கிறது. 1992ல் இதை விளக்கி எழுதிய அமெரிக்க டாக்டர் ஜான் எப்லியின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டர் சில நிமிடங்களில் செய்துவிடுவார்.

கண்ணை இருட்டிக்கிட்டு வருதா?

உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுவது, பூச்சி பறப்பது, காது அடைப்பது, சில்லென்று வியர்ப்பது... இது வேறு. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைகிறது என்று அர்த்தம். நெடுநேரம் வெயிலில் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும். கோயில் வரிசையிலும் பள்ளிக்கூடப் பிரேயரிலும் மயங்கி விழுவது பெரும்பாலும் இதனால்தான். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 புள்ளிக்கு மேல் இறங்கினாலும் இப்படி ஆகலாம். வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காமை, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை எல்லாமே காரணமாகலாம். மாத்திரைச் சீட்டை மறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

கை நடுங்குதா, படபடங்குதா?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் பசி, நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். குறையாகவே இருந்தால் இன்னொரு முறை. சரியானதும் சாப்பிட்டுவிடுங்கள்.

அசதியா... அடிச்சுப் போட்ட மாதிரியா?

‘‘காலையில எந்திரிக்கும்போதே உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது’’ என்று சொல்லும் பெண்கள் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பாதிப் பேருக்கு மேல்! ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறையக் கூடாது.

மாதவிலக்கில் அதிகப் போக்கு, மூலத்தில் ரத்தம், வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கும்போது பாதம் வழியே நுழையும் கொக்கிப்புழு... இப்படி ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். ரத்தம் சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? தைராய்டு, சர்க்கரை, தூக்கக்குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

ஒரு கை மட்டும் ஓயுதா?

இங்கேதான் வார்த்தை உயிரைக் காக்கிறது. உடம்பு முழுக்க ஓய்ந்தால் அசதி. திடீரென்று ஒரு பக்கத்துக் கையோ காலோ மட்டும் ஓய்ந்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியால் வந்ததென்றால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘‘சத்தில்லாம இருக்கும், படுத்து எந்திரிச்சாச் சரியாப்போகும்’’ என்று காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். 108க்குப் போன் செய்து, ‘‘மயக்கம்’’ என்று சொல்லாமல், ‘‘ஒரு பக்கம் விழுந்திருச்சு’’ என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள்.

‘‘ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்!’’

தெம்பு இல்லை என்றதும் பலர் கேட்பது இதைத்தான். அரை லிட்டர் சாதாரண குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன் சர்க்கரை! அதில் கிடைக்கும் சக்தி நூறு கலோரிகூட இல்லை. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அது தேவையில்லை. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் நீர் கோத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. பாட்டில் ஏறியதும் தெம்பு வந்த மாதிரி இருக்கும். உண்மைக் காரணமோ அப்படியே உள்ளே இருக்கும்.

டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்

• சுத்துதா, இருட்டுதா, நடுங்குதா, ஓயுதா? இதில் ஒன்றை முதலில் சொல்லுங்கள்.
• எப்போது வருகிறது? எழும்போதா, புரளும்போதா, பசியிலா, வேலை செய்யும்போதா?
• எவ்வளவு நேரம் இருக்கிறது? நினைவு தப்பியதா?
• கூடவே நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கறுப்பு மலம், அதிக ரத்தப்போக்கு உண்டா? கர்ப்பிணியா?

கடைசிக் கேள்வியில் எதற்காவது ‘ஆமாம்’ என்றாலும், வேலை செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் இருந்தால் உடனே 108தான்.

யாராவது மயங்கி விழுந்தால்...

சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை ஒரு முழம் உயர்த்துங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். தெளிவு வரும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார்கள். திறக்காவிட்டால் 108. கூப்பிட்டும் அசைவில்லாமல், மூச்சும் இல்லாவிட்டால் 108ஐக் கூப்பிட்டுக்கொண்டே நடு நெஞ்சை வேகமாக அழுத்தத் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘‘என்னமோ மாதிரி இருக்கு’’ என்று சொன்னால், ‘‘வயசாச்சுல்ல’’ என்று நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘‘எப்படி இருக்கு பாட்டி... சுத்துதா, இருட்டுதா?’’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஸ்கேனுக்கு முன்னால் டாக்டருக்குத் தேவைப்படுவது அந்தத் தாள்தான்!